சாந்தா மரியா எங்கே? – நாகசாகியில் நான்கு நாள்

மார்ச் 7, 2024, வியாழன் – வந்து சேர்ந்த அன்று, மழை

ஃபுகுவோகாவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. "எங்க போகணும்னு சொல்லும்மா, ரெண்டு நாள் லீவு போட்டுர்றேன், சனி ஞாயிறு சேர்ந்துரும்" என்றாள். கியோத்தோ என்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் நாகசாகி என்றேன். அவளுக்கு அது அணுகுண்டு விழுந்த ஊர். எனக்கும் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மணப்பாட்டில் பிறந்தவளுக்கு யப்பான் இன்னொரு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்ல வைத்தவர் புனித சவேரியார். அவர் தங்கிய குகை எங்கள் ஊர் மணல்மேட்டில் இன்றும் இருக்கிறது. அதே மனிதர் 1549 ஆகஸ்ட் 15-இல் ககோஷிமாவில் இறங்கினார். ஞாயிறு மறைக்கல்வியில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் "பிறகு யப்பானுக்குப் போனார்" என்ற ஒரே வரி. ஐம்பது வருடமாக அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நான் யோசித்ததில்லை.

தாக்கேயோ ஒன்சென் என்ற இடத்தில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் நின்ற புல்லட் ரயிலில் ஏறினோம். பாதி நேரம் சுரங்கத்துக்குள்ளேயே ஓடியது. வெளியே வந்தபோது மழை. நாகசாகி ஊரே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் நீளமான துறைமுகம், இரண்டு பக்கமும் படிப்படியாக வீடுகள் உச்சி வரை.

இங்கே டிராம் ஓடுகிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 140 யென், நம் பணத்துக்கு எண்பது ரூபாய்க்குள். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும், இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சில்லறை போட வேண்டும். என்னிடம் 500 யென் நாணயம். அதை மாற்றும் துளை எது, கட்டணம் போடும் துளை எது என்று தெரியாமல் நின்றேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். ஒருவர்கூட உச்சுக்கொட்டவில்லை. ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு நாணயமாகக் காட்டி, 140 சேர்ந்ததும் தலை குனிந்து நன்றி சொன்னார். ஊரில் பேருந்தில் ஐந்து ரூபாய்ச் சில்லறைக்குப் பட்ட பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

ராத்திரிச் சாப்பாடு சம்போன். இந்த ஊரின் சாப்பாடு என்றால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். பால் நிறத்தில் கொழகொழவென்ற சாறு, தடித்த நூடுல்ஸ், மேலே முட்டைக்கோஸ், முளைப்பயறு, இறால், கணவாய், பன்றி இறைச்சி, இளஞ்சிவப்பு ஓரம் வைத்த மீன் அடை. சீனாவிலிருந்து படிக்க வந்த ஏழை மாணவர்களுக்காக இந்த ஊர்ச் சீனக் கடையில் உண்டானதாம். 1,100 யென். குளிருக்கு அது உள்ளே இறங்கிய சுகத்தைச் சொல்லி முடியாது.

திரும்பும் வழியில் கஸ்தேரா வாங்கினோம். மஞ்சள் நிறத்தில் நீளத் துண்டுகளாக வெட்டிய கேக். அடியில் சர்க்கரைப் பரல் கரையாமல் நிற்கும், பல்லில் நறநறவென்று கடிபடும். போர்த்துக்கீசியர் விட்டுப் போனது, பெயரும் அவர்களுடையதுதான். ரொட்டிக்கு இங்கே பான் என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாண் என்பார்களே, அதே சொல். நமக்குச் சாவி, ஜன்னல், மேசை என்று கொடுத்துவிட்டு இவர்களுக்குப் பானும் கஸ்தேராவும் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 8, வெள்ளி – ஓவுரா கோயில்

இன்று எழுத நிறைய இருக்கிறது. ராத்திரி மணி பதினொன்று ஆகிவிட்டது, தூக்கம் வரவில்லை.

காலையிலும் தூறல். ஓவுரா கோயிலுக்கு நேர்ச் சரிவில் ஏறிப் போகலாம், ஆனால் என் முழங்காலுக்கு அது ஆகாது. டிராமில் மகளோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்தான் பேசினோம், ஆனாலும் நான் முட்டியைத் தடவியதைப் பார்த்தே எதிரில் இருந்த பாட்டிக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிறுத்தம் தள்ளி, இஷிபாஷியில் இறங்குங்கள் என்று மகளிடம் சொல்லி, தானும் இறங்கி முன்னால் நடந்தார். அங்கே மலைச்சரிவோடு சாய்வாக ஏறும் ஒரு லிஃப்ட் இருக்கிறது. மேலே வீடு இருப்பவர்களுக்காகப் போட்டது, காசு கிடையாது. மழையில் காய்கறிப் பையோடு நாலைந்து முதியவர்கள் ஏறினார்கள். ஏறும்போது துறைமுகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மேலே வந்ததும் பாட்டி கையால் திசை காட்டி, குனிந்து, தன் வழியே போய்விட்டார்.

அங்கிருந்து கோயிலின் பின்பக்கமாக ஒரு கற்படி வழி இறங்குகிறது. பிரார்த்தனைச் சரிவு என்று பெயர். ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் பௌத்த மடத்துக் கூரை, பக்கத்திலேயே ஷிண்டோ கோயில். நனைந்த கல் வழுக்கியது. மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூனை ஒன்று படியில் உட்கார்ந்து எங்களுக்கு வழிவிடாமல் பார்த்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கோயிலின் கூரை தெரியும், அதற்கு அப்பால் கடல் தெரியும்.

நுழைவுச்சீட்டு 1,000 யென். கோயிலுக்குள் போகக் காசா என்று முதலில் மனசு சுணங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, பங்கு மக்கள் பூசைக்கு வர இதன் அருகிலேயே தனிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். இது 1933-இலேயே நாட்டின் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்ட கட்டடம். 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது.

படி ஏறினால் வாசலில் வெள்ளை மாதா. பின்னால் வெள்ளைச் சுவர், உச்சியில் கூம்புக் கோபுரம். 1864-இல் கட்டி முடித்து, 1865 பிப்ரவரியில் மந்திரித்தார்கள். கட்டியவர்கள் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள், வேலை செய்தவர்கள் அமாகுசாத் தீவிலிருந்து வந்த ஜப்பானியத் தச்சர்கள். அவர்கள் அதற்கு முன் இப்படி ஒரு கட்டடத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே போய் மேலே பார்த்தேன். ஐரோப்பாவில் கல்லில் கட்டும் வளைவு முகடு இங்கே மரமும் மூங்கில் பிளாச்சும் சுண்ணாம்புப் பூச்சுமாக நிற்கிறது. ஓடும் மூங்கிலும் வைத்து வீடு கட்டத் தெரிந்த கைகள், அதே சாமானை வைத்துக் கூம்பு வளைவைக் கொண்டுவந்துவிட்டன. தூணிலிருந்து கிளம்பும் விலா ஒவ்வொன்றும் முகட்டில் போய்ச் சேரும் இடத்தைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது எனக்குப் பிடித்தது. எல்லாரும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் கதை சொல்லிக்கொண்டிருந்தது. மகள் என் காதருகே தமிழில் சொன்னாள். தெரிந்த கதை என்று நினைத்துக் கேட்கத் தொடங்கி, பாதியில் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கதை இதுதான். ஜப்பானில் 1614-இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்களை விரட்டினார்கள், மிஞ்சியவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். மக்களை வருடா வருடம் வரிசையில் நிறுத்தி, மாதா படத்தையோ இயேசு படத்தையோ மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்காதவர் கிறிஸ்தவர். இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு குருவும் இல்லை, ஒரு கோயிலும் இல்லை. பிறகு துறைமுகம் திறந்தது, வெளிநாட்டு வியாபாரிகள் வந்தார்கள், அவர்களுக்காக மட்டும் என்று இந்தக் கோயிலைக் கட்ட அனுமதி கிடைத்தது. ஊரார் இதை ஃபிரான்ஸ் கோயில் என்று சொல்லி வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜப்பானியர்களுக்குத் தடை அப்போதும் நீங்கவில்லை.

1865 மார்ச் 17. மத்தியானம். உரக்காமி கிராமத்திலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர் போல வாசலில் நின்றார்கள். பெத்தீஜான் என்ற ஃபிரெஞ்சுக் குரு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய் மண்டியிட்டுச் செபித்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அவர் அருகில் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான். அடுத்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சாந்தா மரியா எங்கே?"

அவள் பெயர் யூரி. ஞானஸ்நானப் பெயர் இசபெலினா. குரு அவர்களைப் பக்கத்துப் பீடத்திலிருந்த மாதா சுரூபத்திடம் கூட்டிப் போனார். கையில் பாலனை ஏந்திய மாதா. அதே சுரூபம் இன்றும் அங்கேயே, பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், இருக்கிறது. பெரிய சுரூபம் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுத் தேரில் வைத்துத் தூக்கும் அளவுதான் இருக்கும்.

வந்தவர்கள் குருவிடம் இன்னொன்றும் சொன்னார்களாம். "இது துக்க காலம். இன்று பதினேழாவது நாள். நீங்களும் அனுசரிக்கிறீர்களா?" துக்க காலம் என்றது தவக்காலத்தை. மகள் இதைச் சொன்னதும் நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். 1865-இல் உயிர்ப்புத் திருநாள் ஏப்ரல் 16. அப்படியானால் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மார்ச் 1. மார்ச் 17 சரியாகப் பதினேழாவது நாள், அன்று வெள்ளிக்கிழமை. குரு இல்லை, பஞ்சாங்கம் அச்சடித்துத் தர ஆள் இல்லை, ரோமாபுரியிலிருந்து ஒரு கடிதம் வந்ததில்லை. ஏழு தலைமுறையாக வாய்வழியே கணக்கு வைத்து, ஒரு நாள்கூடப் பிசகவில்லை. இன்றும் வெள்ளி. எங்களுக்கு இன்று தவக்காலத்தின் இருபத்து நான்காம் நாள். நான் அதை எண்ணிப் பார்த்ததே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான்.

சாந்தா மரியா என்ற சொல் என்னை அதைவிட உலுக்கியது. எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பூசை லத்தீனில் இருந்த காலத்து மனுஷி. ராத்திரி செபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனையை லத்தீனிலேயே பாடுவாள். சாங்த்தா மரியா, ஓரா புரோ நோபிஸ். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் "ஓராபுரநோபி" என்று ராகம் இழுப்போம். அர்த்தம் அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இங்கே ஒளிந்து வாழ்ந்தவர்கள் தங்கள் செபங்களுக்கு வைத்திருந்த பெயர் ஒராஷோ. ஓராவும் ஒராஷோவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. மகள் கைபேசியில் தேடி அவர்களுடைய மங்களவார்த்தை செபத்தின் முதல் வரியை வாசித்தாள்: "கராசா மிச்சிமிச்சி தமோ மரியா." கராசா என்பது கிருபைக்குப் போர்த்துக்கீசியச் சொல், மிச்சிமிச்சி என்றால் நிறைந்து நிறைந்து. பாட்டி சொன்ன தமிழ்ச் செபம் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." பிரியதத்தம் என்ற சொல்லைச் செபத்துக்கு வெளியே அவள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டாள்.

அந்த மாதாவுக்கு முன்னால் நின்று பாட்டியின் பிரார்த்தனையை முணுமுணுக்கப் பார்த்தேன். சாங்த்தா மரியா, சாங்த்தா தேயி ஜெனித்ரிக்ஸ், சாங்த்தா வீர்கோ வீர்ஜினும், மாத்தேர் கிறிஸ்தி. அதோடு நின்றுவிட்டது. அடுத்த வரி வரவில்லை. கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒன்று, நாலு வரிக்கு மேல் என்னிடம் இல்லை. அந்த இடத்தில் நின்றதால் அது ரொம்பவே வலித்தது.

பக்கத்துக் கட்டடம் பழைய குருமடம், 1875-இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். முற்றத்தில் யூரியும் கூட்டமும் குருவைச் சந்திக்கும் காட்சியை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் அந்தப் பெண்ணின் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

வெளியே வரும்போது மணி இரண்டு, பசி. சரிவில் கஸ்தேராக் கடைகளும் ஐஸ்கிரீம் கடைகளும்தான். கீழே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. உள்ளே உட்கார்ந்த பிறகு பார்த்தால் சம்போனும் சரா உதோனும் மட்டும்தான். தவக்கால வெள்ளி. பன்றி இறைச்சி இல்லாமல் தர முடியுமா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் யோசித்தார். இறைச்சியை எடுத்துவிடலாம், ஆனால் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியது, அதை மறைத்து உங்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். மகள் காரணத்தைச் சொன்னாள். அவர் ஏப்ரனைக் கழற்றாமலே குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் தலைக்கு மேல் குடையைப் பிடித்து, தான் பாதி நனைந்து, இரண்டு சந்து தள்ளி இருந்த இன்னொரு கடை வரை வந்து, அந்தக் கடைக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். தன் கடைக்கு வந்த இரண்டு பேரை அடுத்த கடையில் கொண்டு போய் விட்டவர் அவர்.

அங்கே மீன் டெம்பூராவும் சோறும் ஊறுகாயும் 950 யென். டெம்பூரா என்ற பெயரே போர்த்துக்கீசியர் இறைச்சி ஒதுக்கிய உபவாச நாட்களின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். மாவு காகிதம் போல மெலிசு. உள்ளே மீன் ஆவி பறந்தது. இன்று சாப்பிட வேண்டியதைத்தான் சாப்பிட்டோம்.

மார்ச் 9, சனி – சோதோமே, காற்று

மழை விட்டது, காற்று பிடித்துக்கொண்டது. நகரத்துக்கு வடமேற்கே கடலோரக் கிராமங்களைச் சேர்த்து சோதோமே என்கிறார்கள். நடுவில் ஒரு பேருந்து மாற வேண்டும். நான் கழிவறைக்குப் போன இரண்டு நிமிடத்தில் அந்த இரண்டாவது பேருந்து போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல். நிறுத்தத்தில் கூரை உண்டு, சுவர் கிடையாது. குளிர் எலும்பில் ஏறியது. தானியங்கி இயந்திரத்தில் 130 யென்னுக்குச் சூடான தேநீர் டப்பா வாங்கி, குடிக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஷித்சு கிராமத்தில் இறங்கியதும் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. சரிவில் வீடுகள், கீழே கடல், மேட்டில் வெள்ளைக் கோயில். கடல் காற்றுக்குப் பயந்து கூரையைத் தாழ்வாகப் போட்டிருக்கிறார்கள். 1882-இல் கட்டியது. கட்டியவர் தெ ரோ என்ற ஃபிரெஞ்சுக் குரு. ஓவுராவில் நேற்றுப் பார்த்த குருமடமும் இவர் வேலைதான். ஊரார் இன்றும் தோரோ சாமா என்கிறார்கள், சாமா என்றால் நாம் சுவாமி என்று சேர்ப்போமே அப்படி.

அவர் வந்தபோது இந்த மக்கள் பரம ஏழைகள். கடலில் ஆண்களைப் பறிகொடுத்த வீடுகள் நிறைய. 1883-இல் பெண்களுக்காக ஓர் உதவி இல்லம் தொடங்கி, நெசவு, ரொட்டி, மாக்கரோனி, சோமென் என்ற மெல்லிய சேமியா எல்லாம் செய்யக் கற்றுக்கொடுத்தார். செலவுக்குத் தன் வீட்டுச் சொத்தைக் கொண்டுவந்து போட்டார். 1914-இல் இறக்கும்வரை ஃபிரான்சுக்குத் திரும்பவில்லை. கல்லறை இதே ஊரில்.

அந்த உதவி இல்லத்தின் மரத்தரையில் நின்றபோது என் பெரியம்மா ஞாபகம். பெரியப்பா கடலோடு போன பிறகு, பனை ஓலைப் பெட்டி முடைந்துதான் நாலு பிள்ளைகளை வளர்த்தாள். மணப்பாட்டுப் பெண்கள் எத்தனை பேர் கைக்கு ஓலை சோறு போட்டிருக்கிறது. இங்கே ஓலைக்குப் பதில் மாவு, அவ்வளவுதான். வயதான கன்னியாஸ்திரி ஒருவர் தோரோ சாமா வரவழைத்த ஆர்மோனியத்தைத் திறந்து ஒரு பாட்டு வாசித்தார். பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருப்பதைக் கண்டு, உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்தார்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் பஸ்தியான் என்ற உபதேசியாரின் பேச்சு வழங்கியது. ஏழு தலைமுறை போகட்டும், பெரிய கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் வருவார்கள், அப்போது எங்கேயும் செபத்தை உரக்கச் சொல்லி நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திருநாள் கணக்கு வைக்க உதவிய நாட்காட்டியும் அவர் பெயரில் வழங்குவதுதான். நேற்று எண்ணிய பதினேழு நாளை இன்றும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.

தோரோ சாமா சோமென் இரண்டு கட்டு வாங்கினோம். கடலை எண்ணெய் தடவி இழுப்பது இதன் தனிச்சிறப்பு. கட்டைப் பிரித்து முகர்ந்தால் லேசாக நம் கடலை எண்ணெய் வாசமே வருகிறது.

மார்ச் 10, ஞாயிறு – உரக்காமி, பிறகு நிஷிசாகா

யூரியின் ஊரான உரக்காமியில் காலைப் பூசை. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, குரு ரோஜா நிற உடுப்பில் வந்தார். பெண்கள் பலர் தலையில் வெள்ளை முக்காடு. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டேன், எங்கள் பக்கத்தில் அப்படிப் போட்டுக்கொள்வதை விட்டு வெகுநாள் ஆயிற்று. மொழி ஒன்றும் புரியவில்லை, ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஓவுராவில் யூரி கேட்ட அந்தக் கேள்விக்கு இந்த ஊர் கொடுத்த விலை பெரிது. தெரிய வந்த சில வருடங்களுக்குள் அரசாங்கம் ஊரோடு பிடித்து நாட்டின் பல மூலைகளுக்கு அனுப்பியது. சுமார் 3,400 பேர். 600-க்கு மேல் திரும்பவில்லை. 1873-இல் தடை நீங்கி வந்தவர்கள், முன்பு தங்களை மாதா படத்தை மிதிக்க வைத்த ஊர்த்தலைவரின் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினார்கள். அங்கே 1895-இல் வேலை தொடங்கி, செங்கல் செங்கல்லாகச் சேர்த்து, 1914-இல் கோயிலை முடித்தார்கள். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடம். குண்டு வெடித்த இடத்துக்கும் கோயிலுக்கும் சுமார் 500 மீட்டர் தூரம். மாதா பரலோகத் திருநாளுக்கு முன்பு பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. உரக்காமியின் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் போல இறந்தார்கள்.

இப்போதைய கோயில் 1959-இல் எழுந்தது. வெளியே கருகிய புனிதர் சிலைகள் நிற்கின்றன. பழைய மணிக்கூண்டின் முகடு விழுந்த இடத்துச் சரிவிலேயே கிடக்கிறது. உள்ளே சிறு பீடத்தில் இடிபாட்டில் கிடைத்த மர மாதாவின் தலை. கண்ணாடிக் கண்கள் போய், இரண்டு கருங்குழிகள். கன்னத்தில் தீ நக்கிய தழும்பு. அதன் முன்னால் என்னால் செபம் சொல்ல முடியவில்லை. சும்மா நின்றேன்.

பூசை முடிந்து வெளியே வருகையில் முக்காடு போட்ட ஒரு பாட்டி என் சேலையைப் பார்த்து நின்றார். எந்த ஊர் என்று மகளிடம் கேட்டார். இந்தியா என்றதும் முகம் மலர்ந்து, "இந்தோ… ஸாபியேரு சாமா!" என்றார். எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, சவேரியார். நான் "ஆமா, ஆமா, எங்க ஊரு, எங்க ஊருல இருந்துதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மகள் மொழிபெயர்ப்பதற்குள் பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பைக்குள் துழாவி, காம்புப் பக்கம் புடைத்த இரண்டு பெரிய ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது, நிலையத்துக்கு அருகிலேயே நிஷிசாகா மேடு. 1597 பிப்ரவரி 5-இல் இங்கே 26 கிறிஸ்தவர்களைச் சிலுவையில் அறைந்தார்கள். கியோத்தோவிலிருந்து குளிர்காலத்தில் நடத்தியே கொண்டுவந்தார்கள். ஓவுரா கோயில் இவர்கள் பெயரில்தான் நேர்ந்தளிக்கப்பட்டது, இந்த மேட்டைப் பார்த்த முகமாகவே கட்டப்பட்டது என்கிறார்கள். 26 வெண்கல உருவங்களும் ஒரே வரிசையில், பாதங்கள் தொங்கலாக. அவற்றில் மூன்று உருவம் மட்டும் குட்டை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள். இவர்களில் ஒருவர் கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு அருகே வசையில் பிறந்தவர். பெயர்ப் பட்டியலை மகள் விரல் வைத்துத் தேடி வாசித்துக் காட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தோம். தோல் தடிமன், சுளை தேன்.

ரயில் பெட்டிக்குள் இங்கே யாரும் கைபேசியில் பேச மாட்டார்கள். நான் வாசலருகே நின்றுகொண்டு மணப்பாட்டுக்குச் சித்தியைக் கூப்பிட்டேன். அவளுக்கு எண்பத்திரண்டு. அங்கே மதியம் ஒரு மணி, மீன் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

"சித்தி, பாட்டி பாடுவாளே மாதா பிரார்த்தனை, மாத்தேர் கிறிஸ்திக்கு அப்புறம் என்ன?"

"ஏன்டி, யப்பானுக்குப் போய் இதையா கேக்குற?" என்றாள். குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினாள். மாத்தேர் கிறிஸ்தியிலிருந்து தொடங்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே எடுத்தாள், பாட்டியின் அதே ராகம். நான் அவளோடு ஓராபுரநோபி போட்டேன். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து தொடர்பு அறுந்தபோது "தூரிஸ் தாவிதிக்கா" வரை வந்திருந்தாள். வெளிச்சம் வந்ததும் மறுபடியும் கூப்பிட்டேன். எடுத்தவள் வேறொன்றும் பேசவில்லை. "தூரிஸ் எபூர்னியா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.